சிவலை குரைக்கவேண்டும்

எனக்கு நாய்ப்பயம் என்று வீட்டில் எல்லாருக்கும் நினைப்பு. தெருவில் ஒரு நாய் குரைத்தால் நான் நின்றுவிடுவேன். அதைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்த பிறகுதான் அடுத்த அடி வைப்பேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன. இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்திய வருடங்களில், கோப்பாய், உரும்பிராய் ஊர்களின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் சைக்கிளின் பின்னால் துணிப்பொதியைக் கட்டிக்கொண்டு படலை படலையாக நின்றவர்களா அவர்கள்?

அப்போது எனக்கு இருபது வயது தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்துப் பெரிய கடைச் சந்தைப் பகுதியில் ஒரு தையற்கடையில் வேலை. முதலாளி துணியை வெட்டித் தருவார். சட்டைகளுக்குக் காஜா எடுப்பது, தெறிப் பொத்தான் தைப்பது, குழந்தைகளின் கவுனுக்குக் கரை மடிப்பது எல்லாம் ஊர்களில் வீட்டோடு இருக்கும் பெண்களின் வேலை. அவர்கள் கடைக்கு வரமாட்டார்கள், கடைதான் அவர்களிடம் போகவேண்டும். வெட்டிய துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, தைத்து முடித்ததை வாங்கிக்கொண்டு வருவது என் பாடு.

வீட்டு வளவைச் சுற்றித் தலைக்கு மேல் உயரத்தில் தென்னோலைக் கிடுகு வேலி இருக்கும். அதில் வாசற்கதவாக ஒரு படலை. உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது. உள்ளே இருக்கிற நாய்க்கோ வெளியில் நிற்பவனைப் பற்றி எல்லாம் தெரியும். படலையில் கை வைத்தவுடன் பாயும். முதலாளிக்குத் துணிதான் பெரிசு. நாய் உன் காலைக் கடித்தால் தோல் வளரும், துணியைக் கடித்தால் துணி வளராது என்று காலையில் பொதியைக் கட்டும்போதே சொல்லிவிடுவார். இப்படியும் ஒரு மனுசன்.

ஆகவே நானாகவே ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். வேட்டியைச் சண்டிக்கட்டாக மடித்துக் கட்டினால் நாயின் வாய்க்கு எட்டும் துணி குறைவு. சைக்கிளை எனக்கும் நாய்க்கும் நடுவில் நிறுத்தவேண்டும். ஓடவே கூடாது. குனிந்து கல் பொறுக்குவதுபோலப் பாவனை செய்தால் செம்மண் ஊர் நாய்கள் விலகிவிடும், ஏனென்றால் அங்கே கை வைத்த இடமெல்லாம் கல். கடற்கரைப் பக்கத்து நாய்களிடம் இது பலிக்காது. அங்கே மணல்தான். குனிந்தவன் எதை எடுக்கப்போகிறான் என்று அவை நின்று வேடிக்கை பார்க்கும்.

இவ்வளவு படித்தும் உரும்பிராயில் ஒரு கறுப்பு நாய் என் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. வைத்தியர் மருந்து வைத்துக் கட்டினார். கடித்தது வெறி பிடித்த விசர்நாயா இல்லையா என்று தெரிவதற்கு அந்த நாயைக் கொஞ்ச நாளைக்குக் கவனித்து வரவேண்டும் என்றார். யார் கவனிப்பது? நான்தான். கடித்த நாயின் சுகத்தை விசாரிக்க நொண்டி நொண்டி அதே படலைக்குப் போனேன். அது வயிறார உண்டுவிட்டு, என்னைக் கண்டதும் புதுத் தெம்போடு பாயும். அந்தப் பாய்ச்சலைக் கண்டு சந்தோஷப்பட்டுக்கொண்டு திரும்புவேன். அதன் ஆயுசுக்காகக் கோயிலில் அருச்சனை செய்யாததுதான் குறை.

அந்தக் கடிக்குப் பிறகுதான், கோப்பாயில் இருந்த சிவலையை எப்படியாவது சிநேகிதம் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் போகும் வீட்டு நாய்களுக்குள் ஆகப் பொல்லாதது அது. செம்மண் நிறம், ஒரு காது கிழிந்தது.

அந்த வீட்டில் ஓர் அக்காவும், இடி விழுந்தாலும் காது கேளாத அவருடைய தகப்பனும் மட்டும்தான். கலியாணம் முடிந்த கையோடு அக்காவின் புருஷன் மலாயாவுக்கு, றெயில்வேயில் கிளாக்கர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அங்கே வீடு கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனவர். வருடங்கள் போய்க்கொண்டிருந்தன. அக்கா காஜா எடுத்துக்கொண்டே காத்திருந்தார். பக்கத்து வளவில், ஒரே வேலிக்கு அங்கால், புருஷனின் தமையனார் இருந்தார். புகையிலைத் தோட்டக்காரர். அதிகம் கதைக்கமாட்டார், சிரித்து ஒருவரும் கண்டதில்லை. தம்பியின் வீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. அவர் மலாயாவுக்கு என்ன எழுதுகிறாரோ அதன்படிதான் அக்காவின் பயணம் என்பது ஊருக்கே தெரியும்.

நான் படலையடியில் நின்றால் சிவலை வளவையே கலக்கிக்கொண்டு வரும். அந்தச் சத்தம் கேட்டு அக்கா வந்து நாயைப் பிடித்துக்கொண்டு, பொதியைப் படலைக்கு மேலால் வாங்குவார். தைத்து முடித்ததையும் அதே வழியால் தருவார். நான் ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை.

எங்கள் கடைக்குப் பக்கத்துப் பேக்கரியில் பாண் கரைத்துண்டுகள் சும்மா கிடைக்கும். அவற்றில் ஒன்றைக் கொண்டுபோய்ப் படலையின் கீழ் இடுக்கால் தள்ளினேன். முதல் நாள் சிவலை பாணையும் தின்று என்னையும் தின்ன வந்தது. நான் விடவில்லை. மாரி முடிந்து, பழைய கிடுகைக் கழற்றிப் புதுக் கிடுகு கட்டி வேலி அடைக்கும் காலம் வந்தபோது, என் சைக்கிள் ஒழுங்கையில் திரும்பும்போதே அது படலைக்கு வந்து நிற்கும். குரைப்பு இல்லை. இடுக்கில் மூக்கு மட்டும் தெரியும், வால் படலையில் பட்டு டப் டப்பென்று கேட்கும். கையை உள்ளே விட்டு அதன் கிழிந்த காதைத் தடவிய அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை என்னென்று சொல்ல. உலகத்தில் ஒருவரையும் நம்பாத ஒன்று என்னை நம்பியது. குரைப்பு நின்றுபோனதால் அக்காவைக் கூப்பிட நான் மெல்ல ஒருமுறை செருமுவேன், அவர் வருவார்.

ஒருநாள் ஒழுங்கை முடக்கில் தமையனார் மண்வெட்டியோடு நின்றார். எங்கே போய்வருகிறாய் என்று கேட்டார். அக்கா வீட்டில் துணி கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"நாய் குலைச்சுக் கேக்கேல்லை," என்றார்.

அவ்வளவுதான். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நாயும் நானும் இப்போது நல்ல மாதிரி என்று பெருமையடிக்க வாய் எடுத்தேன். நல்ல காலம், அவர் நிற்கவில்லை.

அடுத்தமுறை போனபோது சிவலைக்கு முன்னமே அக்கா படலைக்கு வந்துவிட்டார். பொதியை வாங்கக் கை நீட்டவில்லை.

"தம்பி, உந்த நாய் உம்மைக் கண்டு குலைக்கவேணும்," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆம்பிளை இல்லாத வீடு இது. ஆர் வந்தது, ஆர் போனதெண்டு அயலுக்குச் சொல்லுறது உந்த நாய்தான். பிறத்தி ஆளெண்டால் குலைக்கும், வீட்டாளெண்டால் வாலாட்டும். உமக்கு வாலாட்டுது. தண்ணி அள்ளுற இடத்திலை கதைக்கத் தொடங்கிப்போட்டினம். அவரின்ரை தமையனுக்கும் காதிலை விழுந்திட்டுது. அவர் ஒரு சொல்லு எழுதினால் காணும், என்னை அங்கை கூப்பிடமாட்டினம்."

அக்காமேல் எனக்கு வேறு நினைப்பு இருந்ததா என்று இதை வாசிக்கிறவர்களும் கேட்கக்கூடும். சத்தியமாக இல்லை. எனக்கு ஆசை நாய்மேல்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால்தான் யார் நம்புவார்கள்? இனி நான் வரவில்லை, முதலாளியிடம் சொல்லி வேறு ஆளை அனுப்புகிறேன் என்றேன். வராமல் விட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்றார் அக்கா. வழமைபோல வரவேண்டும், நாய் குரைக்கவேண்டும், வேறு வழி இல்லை.

அன்று சைக்கிளை மிதிக்க மனம் வரவில்லை, உருட்டிக்கொண்டே நடந்தேன். அதுவரை நான் நாய்களை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருந்தேன். எனக்குக் குரைப்பென்றால் தொல்லை, கடி, கிழிந்த வேட்டி. உள்ளே இருக்கிறவர்களுக்கு அது அப்படியல்ல என்பது மண்டையில் ஏறவே இல்லை. நான் பயந்து நின்ற ஒவ்வொரு படலைக்குள்ளும் யாரோ ஒரு பெண் அந்தக் குரைப்பைக் கேட்டு நிம்மதியாக இருந்திருக்கிறாள். என் கெட்டித்தனத்தால் அதை இந்த வீட்டில் நிற்பாட்டி வைத்திருந்தேன்.

குரைக்கிற நாயை அடக்குவது பெரிய காரியமில்லை. குரைப்பை விட்ட நாயைக் குரைக்கவைத்துப் பார்க்கவேண்டும், அப்போது தெரியும். காலால் நிலத்தை உதைத்தேன். விளையாட்டென்று நினைத்து அதுவும் குதித்தது. முதலாளியின் குடையை இரவல் வாங்கிப்போய் அதன் முகத்துக்கு நேரே படாரென்று விரித்தேன். உரும்பிராய் நாயாக இருந்தால் குடையோடு என்னையும் கிழித்திருக்கும். இது குடை நிழலில் வந்து படுத்தது. கடைசியில் அக்கா படலையைத் திறந்து நாயை வெளியே விட்டு, அடியுங்கோ தம்பி என்றார். அவர் என்னை நீங்கள் போட்டுக் கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். கிளுவைத் தடியால் ஒன்று போட்டேன். குரைக்கவில்லை. ஒருமுறை வீரிட்டுவிட்டு, வயிறு நிலத்தில் பட ஊர்ந்து வந்து அடித்த கையை நக்கியது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தடியை எறிந்துவிட்டேன். கோபம் கோபமாக வந்தது. நாய்மேல் அல்ல, வேலிகளுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டிருந்த அத்தனை பேர்மேலும்.

வழி தற்செயலாகத்தான் வந்தது. ஒருநாள் பொதியின் முடிச்சு இறுகிப்போய், அதை அவிழ்ப்பதில் பாண் கொடுக்கத் தாமதமாகிவிட்டது. சிவலை பொறுத்துப் பார்த்தது. பிறகு, தரப்போகிறாயா இல்லையா என்று கேட்பதுபோல ஒரு குரைப்புப் போட்டது. முடிச்சை விட்டுவிட்டு உடனே பாணைக் கொடுத்தேன். அடுத்தமுறை பாணைக் காட்டிக்கொண்டு கொடுக்காமல் நின்றேன். குரைத்தது, கொடுத்தேன். பிடித்துக்கொண்டுவிட்டது. கொஞ்ச நாளில் என்னைக் கண்டதுமே ஒழுங்கை அதிரக் குரைக்கத் தொடங்கியது. கேட்பவர்களுக்கு என்னைத் துண்டு துண்டாகக் கிழிக்கப்போகிறதென்றே தோன்றும். வால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும். ஆடட்டுமே. கிடுகு வேலிக்கு மேலால் சத்தம்தான் போகும், வால் தெரியாது.

தண்ணீர் அள்ளுகிற இடத்தில் கதை மாறியது. துணிக்காரப் பெடியனைச் சிவலை ஒருநாள் கொல்லத்தான் போகிறது என்று எனக்காக இரக்கப்பட்டார்களாம். தமையனாரைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை. என்னை வழியில் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அக்கா ஒவ்வொரு மலாயாத் தபாலுக்கும் பயந்து பயந்து காத்திருந்தார்.

கடைசியில் கூப்பிட்டுவிட்டார்கள். வீடு கிடைத்துவிட்டது, தமையனார் கொழும்புவரை கூட்டிக்கொண்டு போய்க் கப்பல் ஏற்றிவிடவேண்டும் என்று செய்தி வந்தது. தைத்து முடித்த கடைசிப் பொதியை வாங்க நான் போனேன்.

சிவலை குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. படலையைத் திறந்தவர் அக்கா அல்ல, தமையனார். பயணப் பெட்டிகளுக்குக் கயிறு கட்ட வந்திருக்கிறார். நான் வந்த நேரத்தில் அவர் அந்த வளவுக்குள் நின்றது அதுதான் முதல் தடவை. சிவலை என் கையைப் பார்த்துக் குரைத்தது. அவர் சிவலையின் வாலைப் பார்த்தார். அது சும்மா ஆட்டமா, இடுப்பும் சேர்ந்தல்லவா ஆடியது. அடுப்படிக் குசினி வாசலில் அக்கா பொதியோடு நின்றார். பொதி கையிலிருந்து விழுந்தது. கப்பலுக்கு இவ்வளவு கிட்ட வந்து எல்லாம் கெட்டதென்று நினைத்தேன். வேலியோரம் கிடந்த தடியை எடுத்து ஓங்கினேன். இந்தமுறை எலும்பு முறிய அடித்தாவது அதை என்னைக் கடிக்கவைத்துவிடவேண்டும்.

தமையனார் தடியைப் பிடித்துக்கொண்டார்.

"அடியாதையும்," என்றார். "பாணைக் குடும். அது எவ்வளவு நேரமாய்க் கேக்குது."

பாண் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்?

"வேலி அடைக்கேக்கை எல்லாம் பாத்தனான். நீர் ஒருநாளும் படலையைத் தாண்டேல்லை. சனம் என்னையெல்லோ கேக்கிறது, உன்ரை தம்பி வீட்டிலை நாய் ஏன் குலைக்கேல்லையெண்டு. அவைக்குக் குலைக்கிற சத்தம் கேட்டால் போதும்." பிறகு குசினிப் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கெதியாய்க் கூப்பிடச் சொல்லித் தம்பிக்கு நான்தான் எழுதினனான்."

உள்ளே விம்மல் கேட்டது. அவர் கேளாதவர்போலப் போய்க் கயிற்றை இறுக்கினார். நான் பாணைக் கொடுத்தேன். எங்களைப் போல அவரும் அந்தக் குரைப்புக்காகக் காத்துக்கிடந்திருக்கிறார். நாங்கள் இருவரும் அவருக்குத்தான் பயந்துகொண்டிருந்தோம்.

பயண நாளன்று எனக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. இருந்தாலும் போனேன். வாடகைக் கார் ஒழுங்கையில் நின்றது, அயல் முழுவதும் கூடியிருந்தது. நான் சைக்கிளோடு தள்ளி ஒரு பூவரசுக்குக் கீழே நின்றேன். அக்கா காரில் ஏறிவிட்டார். திறந்து கிடந்த படலையால் சிவலை வெளியே வந்தது, என்னைக் கண்டது, குரைக்கத் தொடங்கியது. இப்போது நடுவில் வேலி இல்லை. இத்தனை சனம் பார்க்க, நட்டநடு ஒழுங்கையில், ஆடுகிற வாலோடு நிற்கிறது.

காரில் ஏறப்போன தமையனார் திரும்பி வந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குந்தினார். தோளிலிருந்த சால்வை நழுவி நாயின் பின்பக்கத்தை மூடியது. விடாதையுங்கோ, பெடியனைக் கடிக்கப்போகுது என்று அயலார் சத்தம் போட்டார்கள்.

"ஓம், உவனைக் கண்டால் மட்டும் உதுக்கு ஆகாது," என்றார் அவர், எல்லாருக்கும் கேட்க.

சால்வைக்குக் கீழே அவருடைய மற்றக் கை சிவலையின் வாலை இறுக்கிப் பிடித்திருந்தது. காருக்குள் இருந்து அக்கா அந்தக் கையைப் பார்த்தார். அக்கா சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.