முதுகுக்குப் பின்னால் வந்த அலை

என் கணவருக்குக் கடல் என்றால் கொல்லைப்புறம் மாதிரி. கோட்டைப்பட்டினத்தில் பிறந்து விசைப்படகிலேயே வளர்ந்தவர். நான் புதுக்கோட்டை டவுனில் குழாயடியில் குடம் வைத்துச் சண்டை போட்டு வளர்ந்தவள். கல்யாணமான புதிதில், அவர் கடலுக்குப் போகும் இரவெல்லாம் நான் தூங்குவதில்லை என்று தெரிந்ததும் சிரித்தார். "கடல்ல ஒண்ணும் ஆகாது. நீ பாட்டுக்குத் தூங்கு" என்றார். எங்கள் ஊர்க் கடலும் ஏரி மாதிரித்தான் கிடக்கும். வெகுதூரம் உள்ளே நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். அவர் பேச்சை நம்பி இத்தனை வருடமும் நிம்மதியாகத் தூங்கினேன்.

சுதந்திர தினத்துக்குப் புதுச்சேரி போக வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கட்டடமெல்லாம் மூவர்ண விளக்கு போட்டிருக்கும் என்று டீச்சர் சொன்னாராம். அன்றைக்குப் படகும் போகாது. சரியென்று கிளம்பினோம்.

கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடமில்லை. முகத்தில் கொடி வரைந்துகொண்ட காலேஜ் பிள்ளைகள், ஐஸ்கிரீம் வண்டி, பீப்பீ ஊதல், ஸ்பீக்கரில் பாட்டு. மகளுக்கு ஒரு காகிதக் கொடி வாங்கிக் கொடுத்தோம். கல் போட்ட கரையைத் தாண்டி மணல் இருந்த இடத்தில் ஜனங்கள் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். அலை வந்து விழும் சத்தத்தைக் கேட்டு அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேணாங்க, மேல நின்னே பார்ப்போம்."

"படகுக்காரன் மகளுக்குக் கடலக் காட்டிப் பயமுறுத்துறியா? பேசாம வா" என்று பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து இறங்கிவிட்டார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு என் பக்கம் திரும்பி, "இங்கிட்டு வா, ஒண்ணும் ஆகாது" என்று கையாட்டினார். அப்படியேதான் எங்கள் ஊரிலும் நிற்பார்.

அவர் தலைக்கு மேல் தண்ணீர் எழும்பியதை நான் பார்த்தேன். அடுத்த நொடி அங்கே அவரும் இல்லை, மகளும் இல்லை. நுரையில் காகிதக் கொடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்தார். கை வெறுமையாக இருந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் இன்னொரு அலை மகளைப் புரட்டிக்கொண்டு வந்து சற்றுத் தள்ளிப் போட்டது. திரும்ப உள்ளே இழுப்பதற்குள், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் அவள் சடையைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளினேன். மூக்கிலும் வாயிலும் மணல். இருமி, உப்புத் தண்ணீரைக் கக்கி, பிறகுதான் அழுதாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை நன்றிகூட நான் சொல்லவில்லை.

விசில் ஊதிக்கொண்டு வந்த போலீஸ்காரர் எந்த ஊர் என்று கேட்டார். இவர் பேயறைந்த மாதிரி நிற்க, நான்தான் ஊரையும் இவர் தொழிலையும் சொன்னேன். "படகுக்காரரா? கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டா நிப்பாங்க?" என்றார் போலீஸ்காரர்.

"எங்க ஊர்க் கரையில அது இப்புடி ஏறி வராதுங்க" என்றார் இவர். அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

விளக்கெல்லாம் எரியத் தொடங்கியபோது நாங்கள் திரும்பி வரும் பஸ்ஸில் இருந்தோம். மகள் என் மடியில் தூங்கினாள். அவர் அவளுடைய கணுக்காலைப் பிடித்த பிடியை விடவில்லை. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நடுக்கடல்ல காத்து அடிச்சா, அங்கயும் அலை இப்புடித்தான் வருமா?"

"இதவிடப் பெருசா வரும்" என்றார்.

"ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே?"

"சொல்லாட்டி நீ எப்புடித் தூங்குவ?"

அடுத்து படகு கிளம்பிய அன்று, அவர் சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "அத்தா, கடலுக்கு முதுகக் காட்டாதீங்க" என்றாள் மகள். எப்போதும் கேலி பேசுகிறவர் அன்று "சரிம்மா" என்றார். என்னையும் பார்த்தார். தூங்கு என்று சொல்லவில்லை.