சின்னப்பையனும் மடக்குக் கத்தியும்

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சின்னப்பையன் வந்து இரும்புக் கடைப் படியில் ஒரு காலை வைத்து நிற்பார். "நயினாரே, அத்தக் கொஞ்சம் காட்டுங்க" என்பார். எதை என்று கடைக்காரர் சக்கரவர்த்தி நயினார் கேட்பதில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அந்த மடக்குக் கத்தியை எடுத்துப் பலகைமேல் வைப்பார். கத்தியைக் கைக்குக் கை கொடுப்பது அவருக்கு ஆகாது. சின்னப்பையன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்து விரிப்பார். 'டக்'கென்று பூட்டு விழும். காதைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்பார். பூட்டை அழுத்தி மடக்குவார். மறுபடி விரிப்பார். பிறகு பலகைமேல் வைத்துவிட்டு, "வரேங்க" என்று போய்விடுவார்.

நயினார் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டிய ஜைனர். கடையைச் சாத்துகிற அவசரம் அவருக்கு. இருந்தாலும் இந்த ஒருவருக்காகப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஆடி பிறந்ததிலிருந்து தினமும் இது நடந்தது. கடையை ஒட்டினாற்போல் என் பூக்கடை இருப்பதால் எல்லாம் என் கண்முன்னேதான் நடந்தது.

பேர்தான் சின்னப்பையன். தலை முழுக்க நரைத்துப் பேரனும் எடுத்தாகிவிட்டது. ஆரணியில் எந்தக் கல்யாண வீடானாலும், எந்தக் கோயில் திருவிழாவானாலும் வாசலில் நிற்கிற இரண்டு வாழைமரங்களை அவர்தான் கட்டியிருப்பார். ஆற்றோரத் தோப்பில் குலை தள்ளிய மரமாகப் பார்த்து, வெட்டுகிறதற்கு முன்னால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சைக்கிளில் வைத்தால் பூ ஒடிந்துவிடும் என்று ஒவ்வொன்றாகத் தோளிலேயே தூக்கி வருவார். வாழைக்கறை பட்டுப்பட்டு அவர் சட்டையில் பழைய வெள்ளை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். "பள்ளிக்கூடத்துல மாட்டி வெச்சிகீற மேப்பு மாரி கீது" என்று அவர் மனைவி கெங்கம்மாள் சொல்வாள்.

இரண்டு மரத்தின் குலைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. "மூஞ்சியத் திருப்பிகினு நின்னா அந்த ஊட்ல புருசம் பொண்டாட்டிக்குள்ள பேச்சிருக்காது" என்பார். கட்டி முடித்ததும் போய்விட மாட்டார். மரத்தில் ஒரு கையை ஊன்றியபடி வாசலிலேயே நிற்பார். உள்ளே கெட்டிமேளம் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்புவார். எத்தனையோ தாலிகட்டுக்கு வாசலில் நின்றிருக்கிறார். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு வைகாசியில் ஒரு தவறு நேர்ந்தது.

எங்கள் நெசவுத் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழைகள் அத்தனையையும் தெருவின் நீளத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்து விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். அந்த நேரத்தில் இந்தச் சாரியிலிருந்து எதிர்ச்சாரிக்குப் போகிறவர்கள் பாவுக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். சின்னக் குழந்தைகூடக் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து போகும்.

சின்னப்பையனும் குனிந்துதான் போனார். மரத்தைத் தோளிலிருந்து இறக்கி, பிள்ளையை இடுக்குகிற மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். அவருடைய வளைந்த கத்தி வழக்கம்போல் முதுகுப் பக்கம் அரைஞாண் கயிற்றில் செருகியிருந்தது.

"நல்லாத்தான் குனிஞ்சேன் பூக்காரம்மா" என்று என்னிடம் சொன்னார். "மரம் பாவுல பட்டுறப் போவுதுன்னு அதும்மேலயே கண்ணு. தல கீழ போச்சி, முதுகு மேல வந்துச்சி. முதுகோட கத்தியும் வந்துச்சி. பட்டு அறுந்தா சத்தமே வராதும்மா. அப்பால வந்து திரும்பிப் பாக்கறேன், இழையெல்லாம் தொங்கிகினு கீது."

அது தனக்கோடியின் வீட்டுப் பாவு. அவள் புருஷன் தெருவே கேட்கிற மாதிரி கத்தினான். தனக்கோடி ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே உட்கார்ந்து, அறுந்த இழைகளின் இரண்டு முனையையும் தேடித் தேடி முடிச்சுப் போட ஆரம்பித்தாள். உச்சிப்பொழுது வரைக்கும் கண்ணெடுக்காமல் போட்டாள். இவர் எதிரே குந்திக்கொண்டு பார்த்தாராம். "திட்டியிருந்தா துன்னுட்டுத் தூங்கியிருப்பேன். அந்தம்மா பேசல. அதான் ஆறல" என்றார்.

அந்தத் தெருவில் நுழையாதே என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரேதான் நின்றுவிட்டார். ஆனி மாதத்து முகூர்த்தங்களுக்கெல்லாம் மரத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை சுற்றிப் போனார். முன்னால் வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் போய்ச் சேருகிறவர், இப்போது நாதஸ்வரக்காரர் வந்து உட்கார்ந்த பிறகு மூச்சு வாங்க வந்து நின்றார். வலது தோள் வீங்கிவிட்டது.

அந்த நிலைமையில்தான் தசரதன் வெற்றிலை பாக்கோடு வந்தார். அவர் வீடு தனக்கோடி வீட்டுக்கு நேர் எதிர்வீடு. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். அந்த வீட்டுக்கு ஏரிக்கரைப் பக்கமாக வழி கிடையாது. பாவுக்கு அடியில்தான் போக வேண்டும். சின்னப்பையன் பழக்க தோஷத்தில் தாம்பூலத்தைக் கை நீட்டி வாங்கிவிட்டார். வாங்கினவன் வரமாட்டேன் என்று சொல்லக் கூடாது. கத்தி இல்லாமல் போனால் வாசலில் மட்டையைக் கழித்துக் கயிறு அறுத்துக் கட்ட முடியாது. கத்தியோடு அந்தத் தெருவில் எப்படிக் கால் வைப்பது என்றும் தெரியவில்லை.

பழைய கத்திக்குக் கோணித்துணி சுற்றிப் பார்த்தார். நாலு நடை நடப்பதற்குள் கத்தி துணியை அறுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. திருவிழாக் கடையில் விற்கிற சின்ன மடக்குக் கத்தி ஒன்று வாங்கினார். அதற்குப் பூட்டு இல்லை. வாழைத் தண்டில் பாதி போனதும் மடங்கி அவர் விரலையே கடித்தது. நயினார் கடைக் கத்திதான் அவருக்குச் சரி. அலகின் முதுகு அரை விரல் பருமன். பித்தளைப் பிடி. மடக்கினால் கத்தியின் வாய் முழுக்கப் பிடிக்குள் போய்விடும், வெளியே நகம் அளவுகூடத் தெரியாது. ஆனால் விலை, ஒரு மாதத்து முகூர்த்தக் கூலியை அப்படியே விழுங்கிவிடும். அதனால்தான் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

நயினாருக்கும் அதை விற்பதில் ஒரு சங்கடம். கத்தி கேட்டு யார் வந்தாலும், "எதுக்கு?" என்று கேட்பார். ஆடு கோழி அறுக்க என்றால், "சரக்கு தீந்துபோச்சி" என்றுவிடுவார், சரக்கு கண்ணெதிரே தொங்கும்போதே.

"எந்த உசிரையும் இது தொடக்கூடாது, சின்னப்பையா" என்றார் ஒருநாள்.

"வாழமரமும் உசிருதானங்க?"

நயினார் பூட்டைத் தடவினார். "குல தள்ளினதுதான வெட்டுவ?"

"ஆமாங்க."

"அது எப்படியும் தானா சாயும். சரி, அதுக்குப் பரவால்ல. கன்னு பக்கம் போவக்கூடாது."

"இன்னும் வாங்கவேல்ல, அதுக்குள்ள இத்தினி சட்டமா!" என்று சின்னப்பையன் சிரித்துக்கொண்டே போனார்.

கெங்கம்மாளுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. என் கடையில் பூ வாங்க வந்தவள், அவரையும் வைத்துக்கொண்டே சொன்னாள்: "மடக்குக் கத்தி மடியில வெச்சிகினு சுத்தறவன்லாம் யாருக்கா? சாராயக்கட ரௌடி. இந்த வயசுல இவருக்கு அந்த வேஷமா?"

"வேலைக்குத்தான கேக்கறேன்."

"பஸ் ஸ்டாண்டுல போலீஸ்காரன் மடியத் தடவினா இன்னா சொல்லுவ? வாழமரம் கட்றேன்னா? போவச்சொல்ல தோள்ல மரம் இருக்கும், நம்புவான். திரும்பி வரச்சொல்ல வெறுங்கையாத்தான வருவ?"

சின்னப்பையன் சட்டைக் கறையைச் சுரண்டினார். "அப்ப ஒரு மரத்தத் திருப்பித் தூக்கிகினு வரேன்" என்றார். கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் ஆடி நாலாம் வெள்ளியன்று, "ஆத்தாளையே கேட்டுடறேன்" என்று மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினார். நான்தான் பூ கட்டிக் கொடுத்துக் கூடவே போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் வாங்கலாம், வெள்ளை வந்தால் வேண்டாம். அம்மன் பாதத்தில் வைத்துக் குலுக்கிப் போட்டு, தீபாராதனைக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது.

சின்னப்பையன் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆத்தா கூழு ஊத்தற அலுப்புல இருந்திருப்பா. இன்னொரு தபா கேக்கலாமா பூக்காரம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெய்வத்திடம் ஒரு காரியத்துக்கு ஒருமுறைதான் வாக்குக் கேட்கலாம். இரண்டாம் தரம் கேட்பது அவளை நம்பாதது போல. அப்படியே சொன்னேன். "தப்புதாம்மா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருநீறு வாங்கிக்கொண்டு, வெள்ளைப் பூவைக் காதில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாளிலிருந்து அவர் கடைக்கு வரவில்லை. நயினார் சாத்துகிற நேரத்தில் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் பொழுது விழுந்தே போயிற்று. அன்று இராத்திரி அவர் சாப்பிட்டிருக்க மாட்டார்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் கெங்கம்மாள் வந்தாள். நேராக இரும்புக் கடைப் படியேறினாள்.

"அந்தக் கத்தியக் குடுங்க."

நயினார் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். "ஏம்மா, அம்மன் வேணாம்னு சொல்லிட்டாளே" என்றேன்.

"அவர் கேட்டாரு, அவருக்கு வேணாம்னா. நான் கேக்கவேல்லியே. எனக்கு எங்க வேணாம்னா?" என்றாள் கெங்கம்மாள். "என் பேர்ல குடுங்க நயினாரே. என் கத்திய அவருக்கு நான் இரவல் குடுப்பேன், வாங்குவேன். அத்தக் கேக்க யாரு கீறாங்க?"

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "ராத்திரி அந்தத் தோளுக்கு வேப்பெண்ணெ தேய்ச்சேங்கா. பூரி மாரி உப்பிகினு கீது. வலிக்குதான்னேன். இல்லன்னாரு. கண்ணு மட்டும் கலங்கிகினு கீது. தாம்பூலத்தத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்றேன்னு எழுந்தாரு. நான்தான் கையப் புடிச்சி உக்கார வெச்சேன்."

அம்மன் வாக்கை இப்படித் திருப்பலாமா என்று எனக்குள் கொஞ்சம் பயம்தான். ஆனால் பெண்ணாகப் பிறந்தவள்தானே அவளும், கெங்கம்மாள் சொல்வது அவளுக்கும் புரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நயினார், கேட்காமலே விலையில் கொஞ்சம் குறைத்தார். கத்தியைப் பலகைமேல் வைத்து, "கன்னு பக்கம் போவக்கூடாதுன்னு சொல்லு" என்றார். கெங்கம்மாள் அதை எடுத்துக் கூடையில் வைத்து, என்னிடம் வாங்கிய மல்லிகையை மேலே பரப்பி மறைத்துக்கொண்டு போனாள்.

தசரதன் வீட்டுக் கல்யாணத்தன்று விடியற்காலையில் மணமேடைக்குப் பூ கொடுக்க நான் அந்தத் தெருவுக்குப் போனேன். பொழுது வெளுத்துக்கொண்டிருந்தது. தனக்கோடி வீட்டார் பாவு நீட்டியிருந்தார்கள். அரக்கு நிறம். அதற்கு இந்தப் பக்கம் சின்னப்பையன் நின்றுகொண்டிருந்தார். மரத்தைச் சுவரில் சாய்த்திருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. எதிரே கல்யாண வாசல் வெறுமையாகக் கிடந்தது. தசரதன் உள்ளே இருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனக்கோடி பாவிலிருந்து கண்ணை எடுத்தாள். "வாங்கண்ணா. ஏன் அங்கியே நின்னுகினு கீறீங்க?"

சின்னப்பையன் மடியிலிருந்து கத்தியை எடுத்து, மடக்கினபடியே உள்ளங்கையில் வைத்து, கண்டக்டரிடம் டிக்கெட்டைக் காட்டுகிற மாதிரி நீட்டிக் காட்டினார்.

"தெரியும், தெரியும்" என்று சிரித்தாள் தனக்கோடி. "கெங்கம்மாக்காவுக்குக் கொழாயடியில பத்து நாளா அதான் பேச்சு. எங்களுக்கெல்லாம் பூட்டு விழற சத்தமே மனப்பாடம்."

அவள் புருஷன் கஞ்சி தெளிக்கிற நார்க்குச்சத்தோடு அந்தக் கோடியில் நின்றான். கொஞ்சம் நகர்ந்து வழி விட்டான்.

சின்னப்பையன் மரத்தை இடுக்கிக்கொண்டு குனிந்து அந்தப் பக்கம் போனார். போய் நிமிர்ந்து, திரும்பிப் பாவைப் பார்த்தார். எல்லா இழையும் இழுத்தது இழுத்தபடியே இருந்தது. அவருக்கு மூச்சு வந்தது.

"அண்ணா, இருங்க" என்றாள் தனக்கோடி. "இங்க ஒரு முடிச்சி நுனி நீட்டிகினு கீது. பிளேடு ஊட்டுக்குள்ள கீது. இத்த அறுத்துட்டுப் போங்க."

அவர் மரத்தைக் கீழே கிடத்தினார். அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கத்தியை விரித்து, பூட்டு விழுந்ததா என்று ஒருமுறைக்கு இருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்த நுனிக்கும் பாவுக்கும் நடுவில் தம் இடது கைப் பெருவிரலைக் குறுக்கே வைத்தார். கத்தி வழுக்கினால் முதலில் சதையில்தான் படும். அப்படி வைத்துக்கொண்டுதான், மூச்சை அடக்கி, அந்த ஒரு நுனியை அறுத்தார்.