இரண்டு பேருக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. அப்போது இன்னும் மோசம். வலது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே சேற்றுப்புண். ஆம்பூர் பஸ்ஸில் நின்றபடியே ஒரு காலை இன்னொரு காலால் தேய்ப்பேன். நாளெல்லாம் தோல் ஊறும் தண்ணீரில் நிற்பவனுக்கு இது வராமல் வேறு யாருக்கு வரும் என்று விட்டுவிட்டேன்.

தோல் பதனிடும் அந்த டேனரியில் ஆளுக்கொரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். புதுசு கடிக்கும். அதை ஆடிட் வரும் நாளுக்கென்று லாக்கரில் பூட்டிவிட்டு, பழகிய ஒரு ஜோடியை நானும் அடுத்த ஷிப்ட் அண்ணனும் மாற்றி மாற்றிப் போட்டோம். நான் கழற்றிய சூடு ஆறுவதற்குள் அவர் காலை விடுவார்.

மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கித் தடவினேன். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. அடுத்த வாரமே பாதம் முழுக்கப் பரவியது. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கடைசியில் அந்த ட்யூபோடு தோல் டாக்டரிடம் போனேன்.

"இந்த க்ரீம் அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்த்துவிடும். நான் எழுதற மருந்தை, அரிப்பு போனாலும் சொன்ன நாள்வரைக்கும் போடணும். விரல் இடுக்கைத் துடைச்சுக் காயவைங்க. சாக்ஸ் தினமும் மாத்துங்க. துண்டு, செருப்பு யாருக்கும் தராதீங்க."

"பூட்ஸு?" என்றேன்.

"அது இன்னும் மோசம். சுகர் இருக்கறவங்களுக்கு விரல் இடுக்கு வெடிப்பு வழியா கிருமி ஏறினா, காலுக்கே ஆபத்து."

அண்ணனுக்கு சுகர். எனக்கு நன்றாகத் தெரியும். அன்றே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம். என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று ஒரே குழப்பம். மறுநாள் புது பூட்ஸை எடுத்துக்கொண்டு, சூப்பர்வைசர் என்னைப் போடச் சொல்லிவிட்டார் என்று புளுகினேன். பழையதை அவருக்கே விட்டேன்.

என் கால் ஆறியது. அவர் கால் வீங்கி, காய்ச்சலோடு வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்தார். போய்ப் பார்த்தேன். சுண்டு விரலை எடுப்பதா வேண்டாமா என்று மறுநாள்தான் சொல்வார்களாம்.

"நல்லவேளை, நீ புதுசுக்கு மாறிட்ட. இல்லன்னா என்கிட்டேருந்து உனக்கும் ஒட்டியிருக்கும்" என்றார்.

கட்டிலருகே நிற்க முடியவில்லை. ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

"என்கிட்டேருந்துதாண்ணா உனக்கு வந்துச்சு. டாக்டர் அப்பவே சொன்னாரு."

அவர் கட்டுப் போட்ட காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் புதுசுக்கு மாறியிருப்பேனேப்பா" என்றார்.