சீட்டில் விழுந்த வண்டி

இதை எழுத வேண்டும் என்று நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்தே எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. முதல் வரியை எழுதுவேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மூடிவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எழுத்தில் பிழை வரும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையான பயம் அதுவல்ல. எங்கள் கிறிஸ்தவ சபையில் இன்றைக்கும் ஒரு விசுவாச சாட்சி சொல்லப்படுகிறது. என் மனைவி சொன்ன சாட்சி. அது நடந்த விதம் அப்படியல்ல என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எனக்கு வயரிங் வேலை. நெய்யாற்றின்கரையில் ஒரு வீடு, பூவாரில் ஒரு வீடு என்று வேலை கிடைக்கும் இடத்துக்கெல்லாம் போவேன். மனைவிக்குத் தனுவச்சபுரத்தில் தையல் சொல்லிக் கொடுக்கும் வேலை. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுடைய இடது கால் மெலிந்து போயிருந்தது. காலையில் காலேஜ் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு வரும் பஸ்ஸில் ஏறுவதற்குள் அவள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் முப்பத்தாறு வயதில் பைக் லைசென்ஸ் எடுக்கப் போனேன். வண்டி வேண்டும் என்ற எண்ணமே அவளுக்காக வந்தது. இதை முதலில் எழுதி வைக்கிறேன், பின்னால் வருவதை வாசிக்கும்போது ஞாபகத்தில் இருக்கட்டும் என்று.

என் உயரம் ஆறடி மூன்று அங்குலம். இரவல் வாங்கிய சின்ன வண்டியில் 'எட்டு' போட்டுக் காட்டியபோது கைப்பிடி ஒவ்வொரு திருப்பத்திலும் முட்டில் இடித்தது. தேர்வு பார்த்த அதிகாரி, இரண்டு கால்களையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கக் கூடாதா என்று மலையாளத்தில் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். லைசென்ஸ் கிடைத்தது. அந்தச் சிரிப்பும் கூடவே வந்தது.

என்னோடு படித்த ஒருவன் ரோட்டோரம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். அவனிடம் விற்பனைக்கு இரண்டு பழைய வண்டிகள் வந்திருந்தன. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று தாழ்ந்த, மெலிந்த நூறு சி.சி. வண்டி. மற்றது கனத்த சத்தமுள்ள பெரிய வண்டி.

சின்னதை ஓட்டிப் பார்த்தேன். இடவழியில் திருப்ப முடியாமல் நேராக மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளைக்குள் போய் நின்றேன். எதிரே இருந்த சாயக்கடையே எழுந்து நின்று பார்த்தது.

"எலே மக்கா, கவுங்கு மரத்தத் தறிச்சு சைக்கிள்ல வச்சுக் கெட்டினதுபோல உண்டு. உன்ன ரெண்டாட்டு மடக்கினாத்தான் இதுல கொள்ளும்" என்றான் ஒர்க்‌ஷாப் கூட்டாளி.

என் முகம் போன போக்கைப் பார்த்துப் பிறகு பக்கத்தில் வந்து சொன்னான்: "சிரிச்சதுக்குக் கோவப்படாத. ஹேண்டில மாத்தி உயரமுள்ளது போடலாம். உனக்க சீட்டுக்கு மட்டும் ஒரு குஷன் வச்சுத் தைக்கலாம். ரெண்டு நாள் வேலையாக்கும். பின்னால இருக்க ஆளுக்குத் தாழ்ந்துதானே கிடக்கும்."

கூட வந்திருந்த என் மனைவி அதன் பின்சீட்டில் தானாகவே ஏறி உட்கார்ந்தாள். "இது கொள்ளாம், நல்லாருக்கு, கேட்டியளா. என்னை யாரும் பிடிக்கண்டாம்" என்றாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு நான் பெரிய வண்டியில் ஏறினேன். இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்றி நின்றன. முட்டு எங்கும் இடிக்கவில்லை. "இப்பம் ஒரு ஆளாட்டு உண்டு" என்று சாயக்கடையிலிருந்து குரல் வந்தது. அதன் சீட்டு அவளுக்கு இடுப்புக்கும் மேலே நின்றது. கூட்டாளி ஒரு பெட்டியை எடுத்துப் போட்டு, நான் கைபிடித்துத் தூக்கித்தான் அவளை ஏற்ற முடிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னாள்: "உங்களுக்கு அதுல ஆசை, எனக்கு இதுல ஆசை. நாம முடிவு செய்யண்டாம். சீட்டு போடுவோம். கர்த்தர் சொல்லட்டு."

எங்கள் பக்கத்து விசுவாசிகள் வீடுகளில் இது உண்டு. சீட்டுகளில் எழுதி, சுருட்டி, வேதப்புத்தகத்துக்குள் வைத்து ஜெபிப்பார்கள். எழுதினவர் எடுக்கக் கூடாது. எடுத்த சீட்டுக்குக் கீழ்ப்படிய வேண்டும். எடுக்காத சீட்டைப் பிரித்துப் பார்ப்பது அவிசுவாசம். அதை அப்படியே அடுப்பில் போட்டுவிட வேண்டும்.

மறுநாள் காலை ஜெபத்தில் எழுதுகிற வேலை எனக்கு. அவள் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். முதல் தாளில் 'பெரியது' என்று எழுதினேன். இரண்டாவது தாளை எடுத்தேன். வரிசையில் நின்றவர்களின் சிரிப்பு, சாயக்கடைச் சிரிப்பு எல்லாம் காதில் கேட்டது. அதிலும் 'பெரியது' என்றே எழுதிச் சுருட்டினேன். ஒரு எழுத்தும் பிசகவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது.

அவள் முழங்கால் போட முடியாமல் சாய்ந்து உட்கார்ந்து, நெடுநேரம் ஜெபித்து, ஒரு சீட்டை எடுத்தாள். வாசித்தாள். "பெரியதாக்கும். ஸ்தோத்திரம்" என்றாள். மற்றச் சீட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அவள் அதைப் பிரித்தால் என்ன சொல்வது என்று பயந்து நான் அடுக்களையை எட்டிப் பார்த்தேன். அவள் பிரிக்கவில்லை. அடுப்பில் போட்டுவிட்டுச் சாயா கொண்டுவந்தாள்.

வண்டி வந்தது. சபையை நடத்தும் உபதேசியார் வந்து ஜெபித்தார். வீட்டில் அவள் வண்டியில் ஏறுவதற்கு ஒரு வெட்டுகல்லைப் போட்டேன். அவள் வேலை முடிந்து வரும்போது ஏறக் கல் இல்லை. கடைப்படியோ கலுங்குப் பாலத்துத் திண்டோ தேடி அவள் நொண்டிக்கொண்டே போவாள், நான் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போவேன். அந்த மாதத்தில்தான் சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். தனக்குப் பிடிக்காததைக் கர்த்தர் சீட்டில் தந்ததாகவும், ஆசையை விட்டுக் கீழ்ப்படிந்தபோது சமாதானம் கிடைத்ததாகவும் சொன்னாள். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. நானும் சொன்னேன். அதற்குப் பிறகு வீட்டுமனைக்கும் பெண் பார்க்கிறதுக்கும்கூடச் சீட்டுப் போட ஆரம்பித்தார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் உதியன்குளங்கரையில் வண்டியிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி அவள் சேற்றில் விழுந்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். சேலையெல்லாம் சேறு. "சாரமில்ல, ஒண்ணும் ஆகல்ல" என்று எல்லாரையும் அவளே சமாதானம் செய்தாள்.

"சின்னதைப் பார்ப்போமா?" என்று வீட்டில் கேட்டேன்.

"கர்த்தர் தந்ததை மாத்தண்டாம். வண்டி உங்களுக்கு. எனக்கு பஸ் உண்டு" என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். பல நாள் அந்த பஸ்ஸை நான் வண்டியில் முந்திக்கொண்டு போயிருக்கிறேன். கம்பியைப் பிடித்து நின்றபடியே என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

சில வருடங்களில் வேறொரு நோயில் படுத்தாள். ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்னிடம் ஒன்று சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவள் ஜன்னலைப் பார்த்து, "மழை வருது. வண்டியை நனைய விட்டுட்டு வந்தியளா? அது கர்த்தர் தந்த சாதனமாக்கும்" என்றாள். எழுந்து போய் வண்டியை நகர்த்தி வைத்தேன். திரும்பி வந்தபோது தூங்கிவிட்டிருந்தாள். அதற்குப் பிறகு பேசுகிற நிலை வரவில்லை.

அடக்க ஆராதனையில் உபதேசியார் அந்தச் சாட்சியைத்தான் சொன்னார். இப்போதும் சொல்கிறார்கள். அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவள் நம்பினாள், கீழ்ப்படிந்தாள். பொய் இரண்டு தாளிலும் என் கையெழுத்தில் இருந்தது. நான் அழுது மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கர்த்தர் மன்னித்திருப்பார் என்று விசுவாசிக்கிறேன். அவளிடம் கேட்க வழியில்லை.

இதை வாசிக்கிறவர்கள் அந்தச் சாட்சியை எங்கேயாவது கேட்டால், தயவுசெய்து இதையும் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். எல்லாம் நன்மைக்கே முடிந்தது என்று கடைசியில் ஒரு வரி கூட்டவும் வேண்டாம்.