தேயாத எஞ்சின்

என் மனைவியை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ‘தொட்டிக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி; உள்ளே காற்றே கிடையாது. அதற்குள் விண்கலத்தை ஓட்டுவதற்கான ஒரு சின்ன அயனி எஞ்சின் நீல ஒளி கக்கியபடி வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் அவள் முதலில் நலம் விசாரிப்பது அதைத்தான். எனக்கு வாய்த்த சக்களத்தி அது.

“இதை வச்சுப் பக்கத்து நட்சத்திரத்துக்குப் போக எவ்வளவு நாளாகும்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பத்தாயிரம் வருஷத்துக்கு மேல ஆகும்.”

“அப்ப இன்னைக்கும் சமையல் நான்தான்னு சொல்லு.”

சிரித்துவிட்டாள். “கிண்டல் பண்ணாதீங்க. எரிபொருளைக் கூடுதலா ஏத்திக்கலாம். ஆனா எந்த எஞ்சினும் பாதியிலயே தேஞ்சு போயிடுது. தேயாம ஓடினா வேகம் ஏறிக்கிட்டே போகும். மிச்சத்தை நமக்குப் பின்னாடி வர்றவங்க பாத்துப்பாங்க.”

இந்த எஞ்சின் தேயவில்லை. அயனிகள் வெளியேறும் சல்லடைத் தகட்டில் ஓட்டைகள் அகலமானால் ஆட்டம் முடிந்தது. இங்கேயோ கேமராவில் ஓட்டைகள் போட்டது போட்டபடி இருந்தன. அவளுடைய மேலதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெரிய எஞ்சின் கட்ட அனுமதி கொடுக்க நிபுணர் குழு வரப்போகிறது என்றார்.

அந்த வாரம்தான் இவள் சாப்பாட்டை அளையத் தொடங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை; தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, என்னவென்று சொல் என்று கத்தினேன்.

“தொட்டிச் சுவருக்குக் கரித்தகடு பதிச்சிருக்கோம்ல? எஞ்சின் கக்குறது அதுல மோதிக் கரித்தூளைக் கிளப்புது. அது திரும்பி வந்து சல்லடைமேல படியுது. தேயுற இடத்தையெல்லாம் பூசி அடைச்சிடுதுன்னு நினைக்கிறேன்.”

“இத்தனை நாளா யாரும் பாக்கலையா?”

“நல்லா ஓடுறப்ப யாருங்க குறை தேடுவா? அந்தக் கரித்தகட்டைப் பதிக்கச் சொன்னதே நான்தான்.”

மேலதிகாரியிடம் சொன்னாள். “குழு வந்துட்டுப் போகட்டும்மா. அதுவரைக்கும் வாயைத் திறக்காதே” என்றாராம் அந்தப் புண்ணியவான். இவளுக்கு அது முடியாது. அப்படி முடிகிறவளாக இருந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். குழுவின் முன்னாலேயே எழுந்து, எஞ்சினை நிறுத்தித் தொட்டியைத் திறக்கச் சொன்னாள். கரியைச் சுரண்டிப் பார்த்தார்கள். அடியில் ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழிந்திருந்தன.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னொண்ணு செஞ்சு பாக்கலாமே?” என்றேன்.

“செய்யலாம். செய்யவும் செய்வாங்க. என்னைக் கூப்பிட மாட்டாங்க.” குனிந்து செருப்பைக் கழற்றினாள். “விண்வெளியில சுவரே கிடையாதுங்க. அங்க போயிருந்தா அது எப்பவோ செத்திருக்கும். செத்ததை வச்சுக்கிட்டுத்தான் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு தினமும் எழுதிக்கிட்டிருந்திருக்கேன்.”