தக்காளி காய்த்த திராட்சைத் தோட்டம்

வெறுமையாக எதைப் பார்த்தாலும் மருதப்பனுக்குக் கை சும்மா இருக்காது. தூணைக் கண்டால் வாழைக்கன்று கட்டுவார். கைப்பிடிச் சுவரைக் கண்டால் சாமந்திச் சரம் சுற்றுவார். லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய திருமண அலங்காரக் கடை இருந்தது. முப்பது வருடமாக அங்கிருந்துதான் சிங்கப்பூர்த் தமிழர்களின் கல்யாண மேடைகளுக்கு அன்னப்பறவைகளும் யானைத் தலைகளும் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு பொங்கலுக்குத் தோ பாயோவில் தாம் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் கதவிலேயே மாவிலைத் தோரணம் கட்டிவிட்டார். லிஃப்ட் ஏழாவது மாடியில் தோரணத்தை மென்றுகொண்டு நின்றுபோனது. உள்ளே மாட்டிக்கொண்ட சீனக் கிழவர் வெளியே வந்ததும் அவரைத் திட்டவில்லை. "வெரி நைஸ், பட் நெக்ஸ்ட் டைம் டோன்ட் லா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஒவ்வொரு ஜூன் விடுமுறைக்கும் கோயில் அன்பர்களைத் திரட்டிச் சுற்றுலா அழைத்துப் போவது அவருடைய இன்னொரு பித்து. கேமரன் மலை, பினாங்கு, பாத்தாம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. போன முறை எங்கே போகலாம் என்று யோசித்தபோது மகள் நிரஞ்சனா கைப்பேசியில் தேடி, ஆஸ்திரேலியாவின் தெற்கே ஒரு மலைநாட்டைக் காட்டினாள். பச்சைச் சரிவுகள், கல் வீடுகள், வரிசை வரிசையாகக் கொடிகள்.

"அப்பா, நல்லா கேட்டுக்குங்க. இது வைன் டூர். உங்க குரூப்புக்குச் சரிப்படுமா?"

"வைன்னா எனக்குத் தெரியாதா? கொடி. திராட்சைக் கொடி. பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கேன்" என்றார் மருதப்பன்.

நிரஞ்சனா அலுவலக அழைப்பில் பாதி காதை வைத்திருந்ததால், தான் சொன்ன வைன் மது, அப்பா சொன்ன வைன் கொடி என்பதைக் கவனிக்கவில்லை. மறுநாளே அவர் அறிவிப்பு அடித்துக் கோயிலடியில் விநியோகித்துவிட்டார். 'மலையில் திராட்சைத் தோட்டங்கள். கொடியிலிருந்து நீங்களே பறித்துச் சாப்பிடலாம்.' ஒரு பேருந்து கொள்ளுமளவுக்கு ஆள் சேர்ந்தது. அத்தனை பேரும் மதுவின் வாடை பட்டாலே குளிக்கப் போகிறவர்கள். விதிவிலக்கு ஒரே ஒருவர்: மருதப்பனின் கூட்டாளி லாசரஸ். அவர் கோயில் அன்பர் அல்ல, தேவாலயத்துக்காரர். மருதப்பன் எங்கே போனாலும் பெட்டி தூக்க உடன் வருவார்.

ஜூன் மாதம் அங்கே குளிர்காலம் என்பது விமானம் இறங்கிய பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வெயில், மழை இரண்டைத் தவிர வேறு பருவம் பார்க்காத ஊரிலிருந்து போனவர்கள் சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் அதற்கு மேல் துண்டும் போர்த்திக்கொண்டு பேருந்தில் நடுங்கினார்கள். மலைக்கு மேலே ஏற ஏற இருபுறமும் தோட்டங்கள் வந்தன. ஒன்றிலும் ஓர் இலைகூட இல்லை. கம்பிகளில் கறுத்த குச்சிகள் மட்டும் கைவிரித்து நின்றன. மருதப்பன் கையிலிருந்த அறிவிப்பை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முதல் தோட்டத்தில் இவர்களுக்காக நீள மேசையில் கண்ணாடிக் கிண்ணங்கள் வரிசையாகக் காத்திருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடை சிவப்புத் திரவம். அன்பர்கள் பழச்சாறு என்று நினைத்துக் கையில் எடுத்தார்கள். மோந்து பார்த்தார்கள். அப்படியே வைத்துவிட்டார்கள்.

"ஊத்தி வச்சதை வேஸ்ட் பண்ணலாமா? பாவம்லா" என்றார் லாசரஸ். மேசையின் இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடி வரை ஒன்று விடாமல் காலி செய்தார். இரண்டாவது தோட்டத்திலும் அதே கடமை. மூன்றாவதில் வேலிக்கு அப்பால் மேய்ந்த செம்மறியாடுகளைப் பார்த்து, நல்ல மேய்ப்பனைப் பற்றிக் கண்ணீர் மல்க அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். ஆடுகள் நகராமல் நின்று கேட்டன.

திராட்சை இல்லாத குறையைத் தீர்க்க, அந்த மலையில் வேறு என்னென்ன பார்க்க இருந்ததோ அதையெல்லாம் மருதப்பன் காட்டினார். சாலையோரம் மூன்று மாடி உயரத்துக்கு ஓர் உருளைக்கிழங்குச் சிலை. எல்லோரும் அதைச் சுற்றி வந்தார்கள். பழைய பூட்டுகளின் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். அது பூட்டியிருந்தது.

தெய்வானை டீச்சரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. வீட்டில் பால்காரரிடம்கூட மேடைத் தமிழில்தான் பேசுவார்.

"மருதப்பன், ஓர் ஐயம். திராட்சை எங்கே?"

"நாளைக்கு டீச்சர். நாளைக்குப் பார்க்கிறதுதான் மெயின் தோட்டம்."

"கொடியில் காய்த்ததுதானே?"

"கொடியில காய்க்காம? மண்ணுக்குள்ளயா காய்க்கும்?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அன்று தங்கியது ஹெதர் என்ற அம்மாவின் தோட்டத்து விடுதியில். அறுபதைத் தாண்டியவர், தனியாளாகத் தோட்டத்தைக் கவனிப்பவர், அதிகம் பேசாதவர். அறைக்குள் போனதும் மனைவி சந்திரமதி மருதப்பனைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, திராட்சை இல்லன்னு பட்டுன்னு சொல்லிடுங்க. திட்டுனா திட்டிட்டுப் போறாங்க."

"சொல்லலாம் மதி. ஆனா அந்தக் குச்சிங்களைப் பார்த்தியா? எவ்வளவு மொட்டையா நிக்குது?"

அவருடைய கண்ணில் தெரிந்த பளபளப்பைக் கண்டு சந்திரமதி ரைஸ் குக்கரைக் கழுவப் போனார். அந்தப் பளபளப்பைத்தான் அவர் லிஃப்ட் கதவுக்கு முன்பும் பார்த்திருந்தார்.

மருதப்பன் லாசரஸை எழுப்பிக்கொண்டு ஊரின் ஒரே மளிகைக் கடைக்குப் போனார். அங்கே திராட்சை நான்கே கொத்துதான் இருந்தது, அதுவும் கடல் கடந்து வந்தது. பக்கத்துத் தட்டில் காம்போடு கொத்துக் கொத்தாகச் சின்னத் தக்காளிகள் சிவந்து கிடந்தன. மருதப்பன் ஒரு கொத்தைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"லாசரஸ், தூரத்துல நின்னு பாரு. எப்படி இருக்கு?"

லாசரஸ் தூரத்தில் போய் நின்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "திராட்சையேதான் மருது" என்றார். அன்றைக்கு அவர் இருந்த நிலையில் உருளைக்கிழங்குச் சிலையையும் திராட்சை என்றுதான் சொல்லியிருப்பார். மருதப்பன் கடையிலிருந்த தக்காளி முழுவதையும் வாங்கினார்.

விடிந்ததும், பனிமூட்டம் கலைவதற்குள், இருவரும் தோட்டத்துக்குள் இறங்கினார்கள். மாலை கட்டும் நூல்கண்டு இல்லாமல் மருதப்பன் ஊர் தாண்ட மாட்டார். கம்பிக்குக் கம்பி தாவி, காம்பைக் குச்சியோடு சேர்த்து இரண்டு சுற்று, ஓர் இழுப்பு, ஒரு முடிச்சு. விரல்கள் குளிரில் மரத்தாலும் வேலை ஓடியது. திராட்சையைக் கண்ணில் படும் இடத்தில் கட்டினார். தக்காளியை உள்ளே தள்ளிக் கட்டினார். வரிசை முடிந்ததும் பின்னால் போய் நின்று பார்த்தார். கறுத்த குச்சிகளில் சிவப்பும் பச்சையும் பனியில் நனைந்து தொங்கின. முப்பது வருடத்தில் எந்த மேடையும் இப்படி அமைந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. எதற்காக இதைச் செய்தோம் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று.

பொங்கல் சாப்பிட்டுவிட்டு அன்பர்கள் வந்தார்கள். "அடேயப்பா!" என்று ஓடினார்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே பறித்தார்கள்.

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸிலிருந்து சுற்றுலாவில் சேர்ந்திருந்த ஆதவன் ஒன்றை வாயில் போட்டு மென்றார். "அண்ணே, இது ரசம் வாசனை அடிக்குதே?"

"மலைத் திராட்சைப்பா. மண்ணு அப்படி."

ஆதவன் இன்னொன்றைத் தின்றார். "உப்பு இருந்தா நல்லா இருக்கும்லா" என்று சொல்லிவிட்டு உப்பு எடுக்க விடுதிக்குப் போனார்.

தெய்வானை டீச்சர் மட்டும் பறிக்கவில்லை. ஒரு கொத்தைக் கையில் ஏந்தி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, காம்பிலிருந்த முடிச்சைப் பார்த்தார். அந்த முடிச்சு அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய மூன்று பிள்ளைகளின் கல்யாண மாலைகளும் அதே முடிச்சில்தான் நின்றன. அவர் வாயைத் திறந்தபோதுதான் ஹெதர் வீட்டிலிருந்து இறங்கி வந்தார்.

ஜூன் மாதத்தில் தன் மொட்டைக் கொடிகளில் பழம் தொங்குவதையும், சேலைக்காரர்கள் அதைச் சுற்றி நிற்பதையும் அவர் சன்னலிலிருந்து பார்த்திருந்தார். அருகே வந்து ஒரு தக்காளியைத் தொட்டார். நூலைத் தொட்டார். மருதப்பன் தலை குனிந்து நின்றார்.

"இது உங்கள் பூசையா?" என்று ஹெதர் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். "விளைச்சலுக்காகவா?"

மருதப்பனின் தலை தானாக ஆடியது. அது ஆமாவா, இல்லையா என்று அவருக்கே தெரியாது. அந்த ஆட்டலைச் சிங்கப்பூரில் யார் பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது. ஹெதர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, உறைபனித் தரையில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார்.

ஒரு வெள்ளைக்கார அம்மா செருப்பில்லாமல் நிற்கும்போது தாங்கள் காலுறை போட்டு நிற்பது சரியல்ல என்று அன்பர்களுக்குப் பட்டது. ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். உப்போடு திரும்பி வந்த ஆதவனும் எதுவும் கேட்காமல் கழற்றினார். லாசரஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். எல்லோரும் தெய்வானை டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் மருதப்பனை முறைத்த முறைப்பில் மீதிப் பனியும் உருகியிருக்கும். பிறகு அவர் கண்ணை மூடி, கணீரென்ற குரலில் ஒரு தேவாரப் பதிகம் பாடத் தொடங்கினார். பத்துப் பாட்டையும் விடாமல் பாடினார். யாருக்கும் கால் விரல்கள் இருக்கும் இடமே தெரியவில்லை.

பேருந்தில் ஏறியதும் டீச்சர் சொன்னது ஒரே வாக்கியம்: "மருதப்பன், முடிச்சு மட்டும் நன்றாக இருந்தது."

விவகாரம் அதோடு முடிந்தது என்று மருதப்பன் நிம்மதியாக இருந்தார். அடுத்த ஏப்ரலில் ஹெதரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நிரஞ்சனா படித்துச் சொன்னாள். அந்த வரிசை மட்டும் இதுவரை காணாத அளவுக்குக் காய்த்ததாம். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் கேட்கிறார்களாம். ஜூனில் வந்து அவர்களுக்கும் செய்துதர முடியுமா? பயணச் சீட்டு அவர்கள் பொறுப்பு.

"அப்பா, என்ன பண்ணிட்டு வந்தீங்க அங்க?"

"டெக்கரேஷன்" என்றார் மருதப்பன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. பூசை என்று நம்புகிறவரை ஏமாற்றுவது பெரிய தப்பு என்று பட்டது. இந்த ஜூனில் சந்திரமதியோடு போய் இறங்கியதும், ஹெதரின் சமையலறையில் உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். வைன் குழப்பம், டீச்சரின் கேள்வி, மளிகைக் கடை, நான்கே கொத்துத் திராட்சை. இதில் சாமியும் இல்லை, சாஸ்திரமும் இல்லை, வெறும் அலங்காரம்தான் என்றார்.

ஹெதர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். தேநீரை ஊற்றி வைத்தார். சன்னலுக்கு வெளியே பக்கத்துத் தோட்டக்காரர்கள் வரிசையாக, ஆளுக்கொரு கூடைத் தக்காளியுடன், குளிரில் வெறுங்காலோடு காத்திருந்தார்கள்.

"புரிகிறது" என்றார் ஹெதர். பிறகு சற்றுக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஒரு கொத்துக்குத் தக்காளி ஒற்றைப்படையில் இருக்க வேண்டுமா, இரட்டைப்படையிலா?"

மருதப்பன் மனைவியைப் பார்த்தார். சந்திரமதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே கொடிகள் மொட்டையாக நின்றன.

"ஒற்றைப்படை" என்றார் மருதப்பன், பையிலிருந்து நூல்கண்டை எடுத்துக்கொண்டே.