நாலு சீட்டு

எங்கள் லேபில் அவளுக்குப் பட்டப்பெயர் ஆதாரம். யார் எதைச் சொன்னாலும், "ஆதாரம் இருக்கா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாள். டாக்டருக்கும் அதே கேள்விதான். சந்தேகமான ரத்தத்தை இரண்டு முறை மெஷினில் ஓட்டுவாள். இரண்டும் ஒத்துப்போனால் கையெழுத்து, அப்புறம் பேச்சே கிடையாது. மூன்றாவது முறை ஓட்டலாமா என்று கேட்டவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நானும்தான்.

அவளுடைய ஒரே தங்கைக்கு ரத்தப் புற்றுநோய். மாத்திரையால் கட்டுக்குள் இருந்தது. அந்தப் புண்ணியவதி, கடவுள் குணமாக்கிவிட்டார் என்று மாத்திரையை நிறுத்திவிட்டாள். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பிவிட்டுப் போ, எனக்கென்ன வந்தது? ஆதாரமே இல்லாமல் நம்புவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாத்திரையைக் குப்பையில் போடச் சொல்கிற நம்பிக்கையை எதில் சேர்ப்பது?

அக்கா தங்கையைத் தரதரவென்று இழுக்காத குறையாக லேபுக்குக் கூட்டிவந்து, தானே ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள்.

வெள்ளணு எகிறியிருந்தது. மறுபடி ஓட்டினாள். அதே கணக்கு. கையெழுத்துப் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. மூன்றாவது முறை ஓட்டினாள். மெஷினைக் கழுவிவிட்டு இன்னொரு முறை. மெஷின் அச்சடித்துத் தள்ளிய நாலு சீட்டிலும் அதே எண்தான்.

"மெஷின்ல ஏதோ கோளாறு."

"காலைல நீதானே செக் பண்ணின? நல்லாத்தானே இருந்துச்சு?"

"வாய மூடு. அவளுக்கு ஒண்ணுமில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆதாரம் கேட்டு எங்கள் உயிரை வாங்கியவள், சொந்தத் தங்கை என்றதும் அச்சில் வந்த எண்ணை நம்ப மாட்டாளாம்!

"உன் தங்கச்சி கும்பிடற சாமியயாவது இல்லன்னு யாரும் நிரூபிக்கல. அவளுக்கு ஒண்ணுமில்லங்கற உன் சாமிய நாலு சீட்டு இல்லன்னு சொல்லுது!" என்று கத்தியே விட்டேன்.

சீட்டுகளைக் கசக்கி என் மேல் எறிந்தாள். கை வெடவெடவென்று ஆடியது.

வெளியே பெஞ்சில் இருந்த தங்கை சத்தம் கேட்டு உள்ளே வந்தாள். கீழே கிடந்த சீட்டு ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அக்காவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாத்திரைய குடுக்கா. சாப்பிடறேன்."

"இப்பவாவது நம்பறியா?"

"இந்தச் சீட்டையா? இல்ல. நீ இப்படி நடுங்கறத என்னால பாக்க முடியல. அதுக்குத்தான்."

அக்காவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கைப்பையிலிருந்து புது மாத்திரை அட்டையை எடுத்துப் பிய்த்துத் தங்கையின் கையில் திணித்தாள்.

"எதுக்காகவாவது முழுங்கித் தொலைடி!"